தொட்ட கைகளும் பதிவேடும்: குமரி மாவட்டச் செவிலியர் கல்வியின் சாதி வரலாறு



நினைவுச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளாக எடுத்துப் பேச வேண்டும் என்றொரு எதிர்பார்ப்பு இருக்கிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது பார்வைக்குச் சிறியது. இந்த மாவட்டத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் நர்சிங் உதவியாளர் பட்டயம் படிக்கும் பெண்களுக்கு நாங்கள் சிலர் சமூகவியல் வகுப்பு எடுத்துவருகிறோம். எங்கள் மாணவிகளில் பெரும்பாலானோர் அவர்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த முதல் ஆட்கள். அம்மாக்கள் முந்திரி ஆலையிலோ, ரப்பர் தோட்டத்திலோ, வீட்டு வேலையிலோ இருக்கிறார்கள். சிலருடைய அம்மாக்கள் தனியார் மருத்துவமனைகளில் துப்புரவு வேலை செய்கிறார்கள். "எங்க அம்மை ஆஸ்பத்திரியில தூத்துத் துடைக்கா, நான் அங்க ஊசி போடணும்" என்று ஒரு பெண் சொன்னாள். எதற்காகப் படிக்கிறோம் என்பதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

அவர்கள் கேட்கும் இன்னொரு கேள்விக்குத்தான் எங்களால் எளிதில் பதில் சொல்ல முடிவதில்லை. "இந்த சர்ட்டிபிகேட்ட வச்சி கவுன்சில்ல பதியலாமா டீச்சர்?" பதிய முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரிக்கும் அடிப்படைப் படிப்புகள் ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங் ஆகியவை. ஓராண்டுப் பட்டயம் அந்த வரிசையில் இல்லை. சட்டப்படி இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் நோயாளியைத் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டி மலம் அள்ளுகிற கை ஒன்றாகவும், 'நர்ஸ்' என்று பதிவேட்டில் ஏறும் பெயர் வேறொன்றாகவும் இருப்பது ஏன் என்று கேட்டால், அதற்கு இந்த மண்ணில் இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்த வரலாற்றையே நாங்கள் பாடமாக வைத்திருக்கிறோம்.

பழைய திருவிதாங்கூரில் சாதியைத் தூரத்தால் அளந்தார்கள். சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலில் கணக்கு வருகிறது. நாயர் நம்பூதிரியை நெருங்கலாம், தொடக் கூடாது. சாணார் 36 காலடி தள்ளி நிற்க வேண்டும். புலையர் 96 காலடி. அரசே அடிமைகளை வைத்திருந்த நாடு அது. 1855இல்தான் அடிமைமுறை சட்டத்தால் முழுமையாக ஒழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26ஆம் நாள் பிரகடனம் சாணார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. தோள்சீலைப் போராட்டத்தை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிரகடனம் பெயர் சொல்லிப் பேசியது எந்தப் பெண்களைப் பற்றி, எந்தப் பெண்களைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் வகுப்பில் படித்துக் காட்டுகிறோம்.

96 காலடி தூரத்துக்கும் ஒரு விதிவிலக்கு இருந்தது. பிறப்பும் இறப்பும் நோயும் வந்தால் தூரம் சுருங்கிவிடும். பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவச்சி வேண்டும். அவள் நாவிதர் சாதிப் பெண். மலையாளத்தில் வயற்றாட்டி என்பார்கள். குழந்தையை வெளியே எடுத்து, கொடியறுத்து, தாயை வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் வரைக்கும் அவள் கை தேவைப்பட்டது. பேறுகாலத் தீட்டுத் துணியை எடுத்துப்போய் வெளுத்துத் தர வண்ணாத்தி வேண்டும். வண்ணார் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள், குமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் பட்டியல் சாதியினர். பழைய திருவிதாங்கூர் எல்லை இன்றைக்கும் சாதிச் சான்றிதழில் ஓடுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. இரத்தத் துணியைக் கையாளுவதும், அதைத் தனியாக வைத்து வெந்நீரில் அலசுவதும் இன்று தொற்றுத் தடுப்புப் பாடத்தில் வருகிறது. அன்று அது தீட்டுச் சுமக்கும் வேலை. செய்தவளுக்குக் கூலி நெல்லாகவும் பழந்துணியாகவும் வந்தது.

ஆக, 'தலித் பெண்கள் மருத்துவத்துக்குள் புதிதாக வருகிறார்கள்' என்ற பேச்சை நாங்கள் ஏற்பதில்லை. பராமரிப்பு வேலையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் முன்பிருந்தே இருந்தார்கள். அவர்கள் செய்ததை அறிவு என்று எண்ணுவதற்குத்தான் ஆளில்லை.

அடுத்து மிஷன் ஆஸ்பத்திரி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் நம் மாவட்டத்தில் அதைப் பற்றிய பேச்சு ஒன்று துதியாக இருக்கிறது, இல்லையென்றால் வசையாக இருக்கிறது.

தெற்குத் திருவிதாங்கூருக்குச் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வந்த வழியே ஒரு சாம்பவர் வழி. மயிலாடியைச் சேர்ந்த மகராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போய், தஞ்சாவூரில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். அவர் அழைத்துத்தான் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். லண்டன் மிஷனரி சங்கத்தின் பணி இந்தப் பகுதியில் இப்படித் தொடங்கியது. 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இடையில் விட்டுப்போனதை 1852இல் சார்லஸ் லீச் எடுத்து நடத்தினார். இரண்டே ஆண்டில் அவர் கடலில் மூழ்கி இறந்தார். 1861இல் ஜான் லோ வந்தார். நமக்கு முக்கியமானவர் இவர். ஒரு வெள்ளைக்கார மருத்துவரால் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்க்க முடியாது என்று கண்டு, உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து மருத்துவ வகுப்பு நடத்தினார். உடற்கூறும் மருந்தும் சிறு அறுவை சிகிச்சையும் கற்றவர்கள் கிளை மருத்துவமனைகளுக்குப் போனார்கள்.

இந்த மண்ணில் நவீன மருத்துவக் கல்வி என்று எதையாவது சொல்வதானால் அந்த வகுப்பைத்தான் சொல்ல வேண்டும். மூன்று தலைமுறைக்கு முன் எழுத்தறிவே மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் மனித உடலைப் படித்தார்கள். இதைச் சிறுமைப்படுத்த எங்களுக்கு மனமில்லை. ஆனால் அந்த வகுப்பு ஆண்களுடையது. மிஷன் சபைகளில் பெரும்பான்மை நாடார்கள். வேதமாணிக்கத்தின் சாதியினர் தாங்கள் அழைத்துவந்த சபையிலேயே சிறுபான்மையாகிப்போனார்கள். வகுப்பில் உட்கார்ந்தவர்களின் சாதியைத் தனித்தனியாக எண்ணுகிற வேலை இன்னும் மீதமிருக்கிறது. நாம்தான் செய்ய வேண்டிய வேலை அது. நம் பிள்ளைகள் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறோம்.

நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மியின் கேத்தரின் பூத் மருத்துவமனை 1890களில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் ஒரு குளியலறையில் மருந்து கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. நெய்யூருக்கு 1923இல் ஹோவர்ட் சோமர்வெல் வந்தார். எவரெஸ்ட் ஏறப் போனவர் என்று அவரை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1922இல் மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்ற வந்தவர், நெய்யூரில் ஒற்றை மருத்துவரைச் சுற்றி நின்ற நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலை செய்வது என்று முடிவெடுத்தார். இவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, வாழ்க்கை வரலாறு இருக்கிறது. அவர்கள் அறுத்த உடலை இரவெல்லாம் பார்த்துக்கொண்ட உள்ளூர்ப் பெண்களில் எத்தனை பேருக்குப் பெயர் மிஞ்சியிருக்கிறது?

மிஷன் மருத்துவமனை எந்தத் தடையை உடைத்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். தீட்டு என்று சொல்லி மேல்சாதிகள் ஒதுங்கிய வேலை நர்ஸ் வேலை. இந்தியா முழுக்க இதே கதை. அதனால்தான் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பயிற்சி பெற்ற இந்திய நர்ஸ்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்களாக இருந்தார்கள். 1946இல் வெளியான போர் குழு அறிக்கை 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்று கணக்குச் சொன்னது. மருத்துவர் 6,300 பேருக்கு ஒருவர். மருத்துவரைவிட நர்ஸ் ஏழு மடங்கு அரிதாக இருந்த நாடு இது. பணம் இல்லாதது மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. அடுத்தவர் உடலைத் தொடும் வேலைக்குத் தன் மகளை அனுப்ப ஒரு சமூகம் கூசியது. அப்படிக் கூசியவர்கள் இன்று சம்பளமும் வெளிநாட்டு விசாவும் வந்தபிறகு கூசுவதில்லை. பி.எஸ்சி. நர்சிங் கல்லூரி வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தால் தெரியும்.

பதிவேடு எப்போது வந்தது என்று பார்ப்போம். சென்னை மாகாணத்தில் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம் 1926இல் வந்தது. நாம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தோம். 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம். 1953இல் திருவிதாங்கூர்-கொச்சிக்குத் தனிச் சட்டம். 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தபோது நம் பெண்களுக்கான பதிவேடும் சென்னைக்கு மாறியது. பதிவேடு வந்ததும் ஒரு காரியம் நடந்தது. அதில் இல்லாதவர்கள் எல்லோரும் 'பயிற்சி பெறாதவர்' ஆனார்கள். ஐம்பது வருடம் பிள்ளை பிடித்த மருத்துவச்சியும் அதில் அடக்கம்.

இதில் ஒரு மாற்றுவழி இருந்தது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. திருவிதாங்கூரின் மேரி புன்னன் லூக்கோஸ் திருவனந்தபுரம் தைக்காடு பெண்கள் மருத்துவமனைப் பொறுப்புக்கு வந்தபோது, மருத்துவச்சிகளை விரட்டாமல் அவர்களுடைய பிள்ளைகளையே மகப்பேற்றுப் பயிற்சியில் சேர்த்தார். பரம்பரை வேலையை இழக்கப்போகும் குடும்பங்களின் எதிர்ப்பைத் தணிக்கத்தான் அப்படிச் செய்தார் என்பார்கள். இருக்கட்டும். தாயின் கைப்பழக்கம் மகளின் சான்றிதழாக மாற முடிந்தது என்பது எங்களுக்குப் போதும். இதே லூக்கோஸ்தான் நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமையக் காரணமானவர். மாணவிகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியவில்லை. நைட்டிங்கேல் எல்லோருக்கும் தெரிகிறது.

நைட்டிங்கேலைச் சொன்ன கையோடு வேறு மூன்று பெண்களையும் சொல்லித்தருகிறோம். அமெரிக்காவில் மேரி எலிசா மஹோனி 1879இல் பாஸ்டனில் படிப்பை முடித்து, முறையான பயிற்சி பெற்ற முதல் கறுப்பின நர்ஸ் ஆனார். கறுப்பின நர்ஸ்களைத் தேசியச் சங்கம் நடைமுறையில் ஒதுக்கியதால் 1908இல் அவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் கட்டினார்கள். கதவு திறந்த பிறகு 1951இல்தான் அதைக் கலைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் சிசிலியா மகிவானே லவ்டேல் மிஷன் மருத்துவமனையில் படித்து 1908இல் பதிவு பெற்றார். அந்நாட்டில் பதிவேட்டில் ஏறிய முதல் கறுப்பினப் பெண் அவர். மூன்றாவது நம் சாவித்திரிபாய் புலே. 1897 பிளேக்கின்போது புனே அருகே முண்ட்வாவின் மகர் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவனைத் தூக்கிவந்து, அதே நோய் தொற்றி மார்ச் 10ஆம் நாள் இறந்தார். ஆசிரியை என்றுதான் பாடநூல்கள் அவரை எழுதுகின்றன. நர்ஸாகச் செத்தார் என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது.

இனி நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல். 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். பட்டியல் சாதியினர் சுமார் 4 சதவீதம்தான். இவ்வளவு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் 1950 குடியரசுத் தலைவர் ஆணை. இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த பட்டியல் சாதித் தகுதி 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு விரியவில்லை. வேதமாணிக்கத்தின் வழிவந்த சாம்பவர் குடும்பத்துப் பெண் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறாள். அவளுக்கும், பல தலைமுறையாக நிலமும் கடையும் பள்ளிக்கூடமும் வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே வரிசை. எந்த மிஷன் மருத்துவமனை வழியாக அவளுடைய பாட்டி வேலைக்குள் வந்தாளோ, அந்த மிஷனின் மதமே அரசு நர்சிங் கல்லூரியின் பட்டியல் சாதி இடத்திலிருந்து அவளை வெளியே வைக்கிறது. ஒரே குடியிருப்பில், ஒரே ஓடைக்கரையில், இந்துச் சாம்பவர் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும் இடம் கிறிஸ்தவச் சாம்பவர் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்காது. சில வீடுகளில் கோயிலுக்கு ஒரு பெயரும் சான்றிதழுக்கு ஒரு பெயருமாக வாழ்கிறார்கள். இதைக் கேலி செய்கிறவர்கள் ஒருநாள் அந்த விண்ணப்பத்தை நிரப்பிப் பார்க்கட்டும். இது பற்றி ஆராய ஒன்றிய அரசு 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. அது முடிவு சொல்லும்வரை எங்கள் மாணவிகளின் வயது காத்திருக்காது.

அப்படி வெளியே நிற்கும் பெண்களைத்தான் சமுதாயக் கல்லூரி எடுத்துக்கொள்கிறது. 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கிய இந்தக் கல்லூரிகளின் நோக்கம் நல்லது: கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு, பள்ளியை விட்டவர்களுக்கு, தலித்துகளுக்கு, பெண்களுக்கு வேலைக்கான ஒரு திறனைக் குறைந்த செலவில் கற்றுத்தருவது. வகுப்பறைக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் நேரடிப் பயிற்சியும் உண்டு. இதைக் குறை சொல்லி நாங்கள் பேசவில்லை, நாங்களே அங்கே பாடம் எடுக்கிறவர்கள். எங்கள் வழக்கு பட்டயத்தைச் சுற்றி நடப்பதைப் பற்றியது. தனியார் மருத்துவமனைகளில் இந்தப் பெண்களுக்கு வேறு நிறத்தில் சீருடை. நோயாளி அவர்களையும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார். ஊசி போடுகிறார்கள், டிரிப் ஏற்றுகிறார்கள், நைட் டியூட்டி பார்க்கிறார்கள். தவறு நடந்தால் மட்டும் 'இவர் நர்ஸே இல்லை' என்று நிர்வாகத்துக்கு நினைவு வருகிறது. சம்பளப் பட்டியலிலும் அதே நினைவு வருகிறது.

2016இல் உச்ச நீதிமன்றம் தனியார் நர்ஸ்களின் ஊதியத்தை ஆராயச் சொன்னதும், அமைந்த குழு சிறிய மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றதும், 2018இல் கேரள அரசு ஊதியத்தை அறிவித்ததும் பதிவு பெற்ற நர்ஸ்களின் நீண்ட போராட்டத்தால் வந்தவை. தமிழ்நாட்டில் 2015இல் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்த அரசு நர்ஸ்கள் 2017 நவம்பரில் சென்னையில் உட்கார்ந்து போராடியதையும் பார்த்தோம். பதிவேட்டில் இருப்பவர்களுக்கே இந்தப் பாடு. பதிவேட்டில் இல்லாதவள் எந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இருக்கிறாள்?

சமூகவியல் வகுப்பு என்று சொன்னோம் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறோம். நர்சிங் படிப்புகளில் சமூகவியல் பாடம் உண்டு. 2022 ஏப்ரலில் நர்ஸ்களுக்கான ஒரு சமூகவியல் நூலின் பக்கம் நாடெங்கும் பரவியது. வரதட்சணையின் நன்மைகள் என்று பட்டியலிட்டு, அழகில்லாத பெண்களுக்கும் அதனால் மணமாகும் என்று எழுதியிருந்தார்கள். அந்த நூலைத் தாங்கள் பரிந்துரைக்கவில்லை என்றது கவுன்சில். எல்லோரும் அந்தப் பக்கத்தைப் பார்த்து அதிர்ந்தார்கள். சமூகவியல் படித்த எங்களுக்கு அதிர்ச்சி குறைவு, ஏனென்றால் சாதியின் நன்மைகள், தீமைகள் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதும் வழக்கம் நம் பாட உரைநூல்களில் நெடுநாளாக இருப்பது. வார்டில் எந்த நோயாளி யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறார் என்று கண்ணால் பார்த்த பெண்ணிடம் போய்ச் சாதியின் நன்மை என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பது எவ்வளவு பெரிய அவமானம்!

நாங்கள் வேறு விதமாக நடத்துகிறோம். மேலே சொன்ன வரலாறு ஒரு பாதி. மறுபாதி வெறும் நடைமுறை. ஏ.என்.எம்., ஜி.என்.எம். படிப்புகளுக்கு அறிவியல் பிரிவு படித்திருந்தால்தான் போக முடியும் என்று நம்பித்தான் பல பெண்கள் ஓராண்டுப் பட்டயத்துக்கு வருகிறார்கள். கவுன்சில் விதிப்படி கலைப் பிரிவு படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறோம், அதனால் வகுப்பில் ஆள் குறைந்தாலும் பரவாயில்லை. வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதம் கேட்பது, அசல் சான்றிதழை நிர்வாகத்திடம் ஒப்படைக்காமல் நகல் மட்டும் கொடுப்பது, தனக்குப் பயிற்சியில்லாத வேலையைச் சொன்னால் பொறுப்பான ஸ்டாஃப் நர்ஸை உடன் வைத்துக்கொள்வது, இவையெல்லாம் எங்கள் பாடத்திட்டத்தில் உண்டு.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 1947 சட்டத்துக்கு மாற்றாக 2023இல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங், மகப்பேற்றுப் பணி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. பழைய பதிவேடு புதிதாக எழுதப்படும் நேரம் இது. வார்டுகளில் பல ஆண்டு வேலை செய்த உதவியாளர்கள் தேர்வு எழுதி ஏ.என்.எம். படிப்பின் இடைநிலையில் சேர ஒரு வழி வேண்டும். அனுபவ ஆண்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறியவர்களுக்கு மாநில அரசின் நர்சிங் பள்ளிகளில் தனி ஒதுக்கீடு வேண்டும். தரம் குறைந்துவிடும் என்று சொல்வார்கள். இன்று தரம் பார்க்காமலா இவர்களிடம் நோயாளிகளை ஒப்படைத்திருக்கிறீர்கள் என்று கேட்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மிஷன் மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் ஆயாவாக, டிரெஸ்ஸராக, வார்டு உதவியாளராக, மருத்துவச்சியாக வேலை பார்த்த நம் குடும்பங்களின் பெண்கள், ஆண்கள் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருக்கிறோம். பழைய பணிச் சான்று, சம்பளச் சீட்டு, சீருடையோடு எடுத்த புகைப்படம் எது இருந்தாலும் அரங்கத்துக்கு வெளியே புத்தக மேசையில் இருக்கும் தோழர்களிடம் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து நகல் எடுத்துக்கொள்கிறோம். காகிதம் எதுவும் இல்லை, பாட்டி மட்டும் இருக்கிறார் என்றால் அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டுச் சொல்லுங்கள்.